கை நடுங்குபவனுக்கு வழி சொல்பவர் யார்?

மதுவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்நாட்டு அரசியல் மேடை கடையின் கதவைப் பற்றியே பேசிப் பழகிவிட்டது. கதவைத் திறப்பதா, அடைப்பதா? திறப்பதாயின் எத்தனை மணிக்கு? அடைப்பதாயின் எத்தனை கடைகளை? பள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு, கோயிலிலிருந்து எவ்வளவு தொலைவு? 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மையாரும் வீதியில் இறங்கிய நாள்தொட்டு இன்றுவரை, நூறாண்டுக்கு மேலாக, இந்தக் கதவைச் சுற்றியே நம் சொற்போர் நடந்து வருகிறது.

வரலாறு தோழர்கள் அறிந்ததே. 1937-இல் சேலம் மாவட்டத்தில் ஆச்சாரியார் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் ஒத்திவைக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அரசின் வாணிபக் கழகம் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போய்ச் சேர்ந்தது. 2023-24 நிதியாண்டில் மட்டும் அவ்விற்பனையால் அரசுக் கருவூலத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்கைச் சட்டமன்றத்திலே படிக்கிறார்கள்; ஏடுகளிலே அச்சிடுகிறார்கள்; எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் அதே எண்ணை எடுத்து வீசிக்கொள்கிறார்கள்.

ஆனால் கதவுக்கு வெளியே, விடியற்காலையில், கடை திறக்கும் முன்பே வந்து நிற்கிறானே ஒருவன், தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றினாலும் சிந்தாமல் குடிக்க முடியாதவன், அவனைப் பற்றி எவர் பேசினார்? கதவைத் திறந்தால் அவன் உள்ளே போவான். கதவை அடைத்தால் என்ன ஆவான்? அவனுக்கு விட்டொழிக்கும் எண்ணம் உண்டானால், எவரைக் கேட்பான்? கேட்டவர் சொல்வது மெய்யா பொய்யா என்று எப்படி அறிவான்? இன்று இந்தப் பகுதியில் நாம் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான்.

அவன் யாரையும் கேட்பதில்லை என்பர் சிலர். உண்மை, பெரும்பாலும் அவன் கேட்பதில்லை. கேட்பவள் அவன் மனைவி. கேட்கப்படுபவர் மருத்துவர் அல்லர், கிளைச் செயலாளர்! படிப்பகத்து வாயிலில் நின்று, "அண்ணே, உங்கள் பேச்சைத்தான் கேட்பார், எப்படியாவது நிறுத்தச் சொல்லுங்கள்" என்கிறாள். இயக்கத்தோடு ஊறிய எந்தத் தோழருக்கும் இது புதிதன்று. அவரும் நல்லெண்ணத்தோடு அவனை அழைத்து, பிள்ளைகளின் முகத்தைக் காட்டி, "இன்றோடு விட்டுவிடு, என் கைமேல் அடித்துச் சொல்" என்கிறார். அவனும் கண்கலங்கி அடித்துச் சொல்லிவிட்டுப் போகிறான். ஊரே பாராட்டுகிறது.

இந்த அறிவுரை சிலருக்கு நன்மை தரும். சிலரைக் கொன்றுவிடும். கடுமையாகச் சொல்கிறோம் என்று எண்ணற்க; மருத்துவ நூலில் உள்ளதைத்தான் சொல்கிறோம்.

நம் மூளையில் கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருளும் உண்டு. அமைதியூட்டும் வேதிப்பொருளும் உண்டு. மது, அமைதியின் பக்கத்துக்குத் துணை நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பெருமளவில் குடிப்பவனின் மூளை, அதற்கு ஈடுகட்டக் கிளர்ச்சியின் பக்கத்தை உயர்த்திக்கொண்டே போகிறது. ஒரே நாளில் மதுவை அகற்றினால் என்ன நிகழும்? அடக்கி நின்றது போய்விடுகிறது. ஏறி நின்றது மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், குமட்டும், உறக்கம் வராது. இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிச் சிலருக்கு அறிவு கலங்கி, இல்லாதவை கண்முன் தோன்றும்; காய்ச்சல் ஏறும்; நாடி தறிகெட்டு ஓடும். இதுவே ஆங்கில மருத்துவத்தில் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' எனப்படும் நடுக்கச் சன்னி. கவனிப்பாரின்றி விடப்பட்டால் உயிரைக் குடிக்கும் நோய் இது.

1813-இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இந்நோய்க்கு இப்பெயரிட்டு எழுதினார். எனினும் இதற்குக் காரணம் குடியா, குடியை நிறுத்தியதா, பட்டினியா என்ற வழக்கு நெடுநாள் தீரவில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவர், லெக்சிங்டன் நகர மருத்துவமனையில் இருந்த முன்னாள் அபின்வகை அடிமைகள் சிலருக்கு நல்ல உணவும் ஊட்டச்சத்தும் கொடுத்தே, வாரக்கணக்கில் மதுவும் கொடுத்து, பின்னர் சட்டென்று நிறுத்திப் பார்த்தார். நெடுநாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பு வந்தது. சிலருக்குச் சன்னி கண்டது. 1955-இல் அவர் அதை வெளியிட்டார். சிறைப்பட்ட மனிதரை வைத்து இத்தகைய சோதனை செய்வதை இன்றைய அறம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆயினும் அம்மனிதர்கள் பட்ட பாட்டால் உலகம் அறிந்துகொண்ட உண்மை இதுதான்: நல்ல உணவு இருந்தாலும் திடீர் நிறுத்தம் ஆபத்தாக முடியக்கூடும்.

இதை அறியாத வீட்டில் நடப்பதென்ன? மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துகிறான். அல்லது குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துகிறான். மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறுகிறான், இறந்துபோன தந்தையோடு பேசுகிறான், போர்வையைப் பிய்க்கிறான். நோன்பில் ஏதோ குறை நேர்ந்தது, தெய்வக் குற்றம் என்பார் ஒருவர். பேய் புகுந்தது என்பார் இன்னொருவர். வேப்பிலை வருகிறது, உடுக்கை வருகிறது. வலிப்பு வந்தாலோ கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய பொன்னான இரவு பூசாரியின் வாயிலில் கழிகிறது! நம்பிக்கை அவரவர் உரிமை. மாலை போடுவோரை நாம் ஏளனம் செய்ய வரவில்லை. அந்த நாள்களில் குடியை மறந்து, பிறகும் தொடாதிருப்போர் உண்டென்பதையும் மறுக்கவில்லை. உயிர் ஊசலாடும்போது எது முதலில் என்பதே கேள்வி. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓடித் தப்ப வழியின்றித் தீயில் வெந்து மாண்டனர். மூளையின் நோயை மருத்துவத்துக்கு வெளியே வைத்துப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ?

கதவை அடைத்தால் போதும், எல்லாம் சரியாகும் என்று வாதிடும் தோழர்களுக்கு 2020-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறோம். கொரோனா ஊரடங்கால் மார்ச்சுத் திங்களின் கடைசி வாரம் நாடெங்கும் மதுக்கடைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன. எந்த மதுவிலக்குச் சட்டமும் செய்யாத அளவு முழுமையான அடைப்பு! குடியை விட்டு மீண்டவர் பலர். அவர்கள் குடும்பங்களில் ஒளி பிறந்தது. அதை மகிழ்வோடு ஏற்கிறோம். ஆனால் அதே நாள்களில் பெங்களூர் மருத்துவமனைகளுக்குக் கடுமையான நடுக்கச் சன்னியோடும் வலிப்போடும் வந்தவர் தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினத்தில் முகச்சவரத் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தவர்கள் மாண்டனர். கேரளத்திலோ மது கிட்டாமல் தற்கொலை செய்துகொண்டோர் பற்றிய செய்தி அடுத்தடுத்து வந்தது. திகைத்துப்போன அம்மாநில அரசு, மருத்துவர் சீட்டு எழுதினால் மது வழங்கலாம் என்று ஆணையிட்டது. நோய்க்கு மதுவே மருந்தா என்று மருத்துவர் சங்கம் கொதித்தெழுந்தது; ஏப்ரல் 2-ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. அரசு தடுமாறியது, மருத்துவர் சினந்தனர், நீதிமன்றம் தடுத்தது. நோயாளி எங்கே போனான்?

மருந்து இல்லாத நோயாயிருந்தால் விதியென்று நொந்துகொள்ளலாம். மருந்து இருக்கிறதே! 1960-இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசெப்பாக்சைடு என்னும் மாத்திரையும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும், மது செய்துவந்த அமைதிப்படுத்தும் வேலையைத் தற்காலிகமாகச் செய்து, நாளுக்கு நாள் அளவு குறைக்கப்பட்டு, ஒரு வாரத்தில் மனிதனைக் கரை சேர்க்கின்றன. 1969-இல் அமெரிக்காவில் 537 பேரை வைத்துப் பல மருந்துகளை ஒப்பிட்ட ஆய்வில், வலிப்பையும் சன்னியையும் மிக நன்றாகத் தடுத்தது இதுவே என்று தெரிந்தது. விலை உயர்ந்த பொருளன்று. ஆனால் இதுவும் பழக்கமாகிவிடக் கூடிய மருந்தாதலால், கடையில் கேட்டு வாங்கித் தாமே விழுங்குவது கூடாது. மதுவோடு சேர்த்து விழுங்கினால் மூச்சே அடங்கிவிடும். மருத்துவரின் கண்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டியது.

இன்னொன்று, தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து. நெடுநாள் குடித்தவனின் உடலில் இது வறண்டு கிடக்கும். வறட்சி முற்றினால் கண் இயக்கம் குலைந்து, நடை தள்ளாடி, நினைவாற்றலே நிலையாக அழிந்துபோகும் மூளைக்கேடு வரும். 1881-இல் வெர்னிக்கி என்பார் விவரித்த நோய் அது. நம் ஊர்களில் 'சோர்வாக இருக்கிறான், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்' என்று கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டல்லவா? குடிநோயாளிக்குக் குளுக்கோசுக்கு முன்போ உடனாகவோ தயமின் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவ முறை. "இவர் நாள்தோறும் குடிப்பவர்" என்ற ஒரு சொல்லை மானத்துக்கு அஞ்சி மறைத்தால், நல்ல மருத்துவரும் ஏமாந்து போவார். மானத்தை நினைத்து மூளையை இழப்பதா?

எல்லாக் குடிகாரருக்கும் மருத்துவமனைக் கட்டில் வேண்டியதில்லை. எப்போதோ குடிப்பவன் தானே விட்டுவிடலாம். காலையில் கண் விழித்ததும் கை நடுக்கத்தை அடக்கவே குடிக்க வேண்டியிருப்பவன், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு கண்டவன், ஈரல் கெட்டவன், முதியவன் ஆகியோரே அஞ்சத்தக்கவர்கள். இவர்களிடம் "இன்றே விடு" என்று சொல்லற்க. "நாளைக் காலை என்னோடு மருத்துவமனைக்கு வா, மருத்துவர் சொல்லும் முறையில் நிறுத்து" என்று சொல்க. அறிவு கலங்கினாலோ வலிப்பு வந்தாலோ நாளை என்பதும் இல்லை; உடனே 108.

இனி, பொய் வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு சுவரொட்டியிலும் பேருந்து நிலையத்திலும் திரிந்த எத்தர்கள் இப்போது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டார்கள். குடியை நிறுத்த வழி என்று தேடினால் போதும். தேடியவர் உறங்கும்வரை விளம்பரம் துரத்துகிறது. "அவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுங்கள், ஏழே நாளில் மதுவை வெறுப்பார்!" கணவனோடு பேசி அலுத்த பெண்ணுக்கு இதைவிட இனிக்கும் சொல் உண்டோ? தாலிக்கொடியை அடகு வைத்தும் வாங்குவாள். பொட்டலத்தில் இருப்பது வெறும் மாவாக இருந்தால் பணத்தோடு போயிற்று. டைசல்ஃபிராம் கலந்திருந்தால்? 1948-இல் டென்மார்க்கு நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்த மருந்து அது. அதை உண்டவன் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழும். இதயம் நலிந்தவனாயின் மாண்டும் போகலாம். உண்பவன் அறிந்து, இசைந்து, மருத்துவரின் மேற்பார்வையில் உண்டால் அது காவல். அறியாமல் சோற்றில் கலந்தால் அது நஞ்சூட்டலுக்கு ஒப்பானதே. பழியோ அந்த ஏழைப் பெண்ணின் தலைமேல் விழும். விற்றவனின் பெயர்கூடப் பொட்டலத்தில் இராது.

மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் நடக்கும் சில கொட்டடிகளும் உண்டு. நள்ளிரவில் வண்டி கொண்டுவந்து ஆளைத் தூக்கிச் செல்வது, மூன்று திங்கள் முன்பணம் பெறுவது, வீட்டாரைப் பார்க்க விடாதிருப்பது, அடிப்பது! எல்லா இல்லங்களும் இப்படிப்பட்டவையல்ல. தொண்டுள்ளத்தோடு நடப்பவை பல. 1980-இல் தொடங்கப்பெற்ற சென்னை டி.டி.கே. மருத்துவமனை போன்றவை இந்தியாவுக்கே வழிகாட்டியிருக்கின்றன. பிரித்தறிவதற்குச் சட்டம் நமக்கு ஒரு கருவி தந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதையால் விளையும் மனநிலைக் கேடுகளையும் தன் வரம்புக்குள் சேர்க்கிறது. இத்தகையோரை வைத்து மருத்துவம் செய்யும் நிறுவனம் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆகவே வாயிலில் நின்று முதலில் கேட்க வேண்டியது கட்டணம் அன்று. "பதிவுச் சான்று எங்கே? நிறுத்தும் முதல் வாரத்தில் பார்க்கும் மருத்துவர் யார்? நான் வந்து பார்க்கலாமா?" இம்மூன்றுக்கும் முகம் சுளிப்பவரிடம் மனிதனை ஒப்படைக்காதீர்.

மெய்யான அறிவுரையை இனங்காண்பது, சொல்லப்போனால், அவ்வளவு அரிதன்று. மெய்யறிந்தவர் முதலில் கேள்வி கேட்பார்: நாளொன்றுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மருந்து உண்கிறார்? பொய்யர் கேள்வியே கேட்கமாட்டார், விலை சொல்வார். மெய்யறிந்தவர் "நூற்றுக்கு நூறு குணமாகும்" என்று உறுதி தரமாட்டார். மீண்டும் வழுக்கி விழக்கூடும், விழுந்தால் திரும்பி வரச் சொல்வார். முதல் வாரம் முடிந்ததும் வேலை முடிந்தது என்பவரையும் நம்ப வேண்டாம். உடலிலிருந்து மது இறங்குவது ஒரு வாரத்துக் காரியம். மனத்திலிருந்து இறங்குவது ஆண்டுக்கணக்கு. வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. உளவியல் ஆலோசனை இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீண்ட இருவர் தொடங்கிய ஏ.ஏ. கூட்டங்கள் நம் நகரங்களிலும் கட்டணமின்றி நடக்கின்றன. மீண்டவன் மீளத் துடிப்பவனிடம் பேசும் பேச்சுக்கு நிகர் எந்த மேடையிலும் இல்லை. அங்கு இறைநம்பிக்கைச் சொற்கள் வருமே என்று பகுத்தறிவுத் தோழர் சிலர் தயங்குவதுண்டு. வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுங்கள்; உயிர் மிஞ்சட்டும், விவாதம் பிறகு நடக்கட்டும்.

கட்டணமில்லா வழிகள் அரசிடமே இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. பேசிக் கேட்க 104. மனநல உதவிக்கு 14416. போதை மீட்புக்கென்றே ஒன்றிய அரசின் 14446. இருந்தும் என்ன? 2019-இல் வெளியான ஒன்றிய அரசின் ஆய்வு, இந்நாட்டில் மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு மருத்துவ உதவி பெற்றார் என்றும், மருத்துவமனையில் தங்கி மருத்துவம் பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் கூறிற்று. எஞ்சிய 37 பேருக்கு வழிகாட்டியவர் யார்? பூசாரியா? பொட்டலக்காரனா? அல்லது நல்லெண்ணம் மட்டுமே கொண்ட நாமா?

ஆட்சிப் பொறுப்பில் யார் இருந்தாலும் அவர்கள்முன் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. பாட்டிலின்மேல் 'மது உடல்நலத்துக்குக் கேடு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். குடிப்பவனுக்கு அது தெரியாதா? கேட்டிலிருந்து மீளும் வழியை அச்சிடுங்கள்! ஒவ்வொரு கடை வாயிலிலும், விலைப்பட்டியல் எழுதும் அளவு பெரிய எழுத்தில், 14416 என்றும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கும் நாள் எது என்றும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் குளோர்டயசெப்பாக்சைடும் தயமின் ஊசியும் இல்லை என்ற சொல்லே எழாதிருக்கட்டும். கடைகளை மூடும்போது, மூடும் நாளுக்கு முன்பே அத்தெருவுக்கு மருத்துவக் குழு போகட்டும். 2023-இல் 500 கடைகள் மூடப்பட்டதை வரவேற்றோர் பலர். அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கிற்று. கடையை மூடியதே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறியாமை. மலிவான நஞ்சையும் கேளாமல் வாங்கும் அளவுக்கு உடல் அடிமைப்பட்ட மனிதர்கள் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். அவர்களைத் தேடிச் செல்லும் கடமை இருந்தது. 45,000 கோடியில் அதற்கு ஒரு பங்கு கேட்பது பிச்சையன்று. அவர்கள் கொடுத்த பணம் அது.

அரசு செய்யும்வரை காத்திராமல் கிளைக் கழகங்கள் செய்யக் கூடியதும் உண்டு. நாளேடு விரித்து வைத்திருக்கும் மேசைக்கு மேலே, கறும்பலகையில், மேற்சொன்ன எண்களை எழுதுங்கள். உங்கள் வட்டாரத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இந்த வாரமே ஒருவர் நேரில் போய்க் கேட்டு வந்து அதன் கீழ் எழுதட்டும். சொன்ன நாளில் மருத்துவர் இல்லையென்றால், மருந்து இல்லையென்றால், தேதியோடு குறித்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து இந்த ஏட்டிலேயே வெளியிடுவோம். பெயர் சொல்லி அழைத்துச் செல்லப்படும் நோயாளியின் பெயர் மட்டும் எந்தக் குறிப்பிலும் இடம்பெறலாகாது.